ஆன்லைன் பயோசேஃப்டி சர்டிபிகேட் வாங்கியாச்சு, இனி லேப்ல இறங்கலாமா?

பெட்ரித்தட்டு | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரிதான். எந்த நிறுவனம்னு மட்டும் கேக்காதீங்க, எங்க கைடும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறவர்னு ஒரு சந்தேகம்.

பிஎச்டி சேர்ந்து ஏழு மாசம். நோயாளிகளோட சீழ், சிறுநீர் சாம்பிள்ல இருந்து பாக்டீரியா பிரிச்சு, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குது, எதுக்கு அடங்கலைன்னு பாக்கறது என் வேலை. போன வாரம் கமிட்டி விசிட் வருதுன்னு, ரெண்டு நாளைக்குள்ள எல்லா ஸ்காலரும் பயோசேஃப்டி ட்ரெய்னிங் சர்டிபிகேட் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ராத்திரி லேப்டாப்புல வீடியோ ஓடுச்சு, கையில தோசை ஓடுச்சு. 20 கேள்வியில 18 சரி. சர்டிபிகேட் வந்துருச்சு.

மறுநாள் கிருமி வளக்கற பிளேட்டோட, லேமினார்னு சொல்ற காத்து வீசற பெட்டி முன்னாடி உக்காந்தா, காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. வீடியோல காமிச்ச பெட்டிக்கு முன்னாடி கண்ணாடி பாதி இறங்கியிருந்துச்சு, காத்து உள்ள போற மாதிரி அம்புக்குறி வேற போட்டிருந்தாங்க. சீனியர்கிட்ட கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், வேலையப் பாரு"ன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானா?

அப்புறம் இந்த ட்ரெய்னிங்னு சட்டத்துல என்னதான் இருக்கு? எங்க அட்டெண்டர் அக்கா 11 வருஷமா இங்க இருக்காங்க. நாங்க போடற பிளேட் எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்த ஆவியில கிருமியைக் கொல்ற மெஷின்ல போட்டு, கழுவி வெக்கறது அவங்கதான். அவங்க பேரு அந்தப் பட்டியல்லயே இல்ல. கேட்டதுக்கு, "அவங்க ரிசர்ச்சர் இல்லையே"ன்னு பதில் வந்துச்சு.


பாஸ்டன்_கடலூரான் | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, நான் திருப்பாப்புலியூர்காரன், இப்ப பாஸ்டன்ல போஸ்ட்டாக், பிஎச்டிக்கு அப்புறமான ஆய்வு வேலை. "அமெரிக்காவுல எல்லாம்"னு ஆரம்பிக்கற ஆளைப் பாத்தா எனக்கே எரிச்சல் வரும், இருந்தாலும் ஒரு தடவை பொறுத்துக்கங்க.

இங்க சேர்ந்த முதல் வாரம் லேப் கதவைத் திறக்கற கார்டே எனக்கு வேலை செய்யல. ட்ரெய்னிங் முடிச்சதா பதிவானாதான் கதவு திறக்கும். மனுஷ ரத்தம், மனுஷ செல் தொடற ஊழியருக்கு ரத்தம் வழியாப் பரவற கிருமிகள் பத்தி வருஷா வருஷம் பயிற்சி குடுத்தே ஆகணும். இது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்துல வர்றது. வேலை நேரத்துல, காசு வாங்காம நடத்தணும். அந்த வேலையில போட்ட 10 வேலை நாளுக்குள்ள ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இலவசமா குடுக்க முன்வரணும். வேணாம்னா, வேணாம்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். சட்டம் ஊழியருக்குத்தான். மாணவர்களையும் இதுல சேத்துக்கறது பல்கலைக்கழகங்கள் தாங்களா வெச்சுக்கிட்ட விதி.

இங்கயும் வீடியோவை ஓட விட்டுட்டு காபி குடிக்கிறவன் இருக்கான். ஆனா அதோட விடமாட்டாங்க. எங்க லேப் மேனேஜரம்மா பக்கத்துல நின்னு, டியூப்ல நீலக்கலர் தண்ணிய ஊத்திக் குடுத்து, இதைக் கிருமின்னு நெனச்சு பாதுகாப்புப் பெட்டிக்குள்ள வேலை செய்னாங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா கிளவுஸ், கோட்டு கஃப், பிப்பெட் பிடி, எல்லாத்துலயும் நீலப்புள்ளி. நோட்டுப் புத்தகத்துல கூட ஒண்ணு. அஞ்சு வருஷம் ஊர்ல பிப்பெட் பிடிச்சவன் நான். மானம் போச்சு.


மைக்ரோ_மருத்துவர் | திங்கள், இரவு 11.05

லேமினாரும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டியும் ஒன்றல்ல. உங்கள் சீனியர் சொன்னது ஆபத்தான தவறு.

லேமினார் வடிகட்டிய சுத்தமான காற்றை பிளேட்டின் மேல் வீசி, அதை உங்கள் பக்கமே வெளியேற்றும். அது காப்பது பிளேட்டை. மீடியா (கிருமி வளர்க்கும் சத்துக் கலவை) ஊற்ற, திசு வளர்ப்புச் செடி மாற்ற, நல்ல கருவி. சீழில் இருந்து பிரித்த பாக்டீரியாவை அதில் திறந்தால், பிளேட் சுத்தமாக இருக்கும், காற்றில் எழும் துளியை எல்லாம் நீங்கள் சுவாசிப்பீர்கள்.

இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புப் பெட்டியில் முன்பக்க இடைவெளி வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கிரில் வழியாகக் கீழே இறங்கி, ஹெபா வடிகட்டி வழியாகத்தான் வெளியே போகும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி அது. அந்தக் கிரில்மேல் நோட்டையும் முழங்கையையும் வைத்து மூடிவிட்டால் பெட்டி வெறும் மேசைதான். வருடம் ஒரு முறை ஆள் வரவழைத்துக் காற்றோட்டத்தையும் வடிகட்டியையும் சோதித்துச் சான்று ஒட்ட வேண்டும். உங்கள் கட்டடத்தில் எங்காவது அப்படி ஒரு பெட்டி இருக்கும், பக்கவாட்டில் ஸ்டிக்கர் தேதியைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மெல்லிய டிஷ்யூத் துண்டை முன் இடைவெளியில் பிடியுங்கள். உள்ளே இழுக்கிறதா, உங்கள் பக்கம் படபடக்கிறதா என்று தெரிந்துவிடும். ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.


தீசிஸ்_திலகம் | செவ்வாய், காலை 7.50

ஒரு சின்னப் பொண்ணு கேள்வி கேட்டா இப்படியா பயமுறுத்தறது. நான் ஆறு வருஷம் இதே மாதிரி லேப்ல, இதே லேமினார்லதான் வேலை செஞ்சேன். நாலு பேப்பர் வந்துச்சு, ஒரு சளி கூடப் பிடிக்கல. கிளவுஸ் பெட்டி வாங்கவே பில் பாஸ் ஆகாத ஊர்ல பாஸ்டன் கதை எதுக்கு? மொதல்ல ஸ்டைபண்ட் நேரத்துக்கு வரட்டும், அப்புறம் பயோசேஃப்டி பேசலாம்.


பாஸ்டன்_கடலூரான் | செவ்வாய், காலை 8.15

ஸ்டைபண்ட் விஷயத்துல உங்க கூட நான் இருக்கேன் அண்ணா. மத்தபடி, நீங்க ஆறு வருஷமா என்ன வளத்தீங்க?


தீசிஸ்_திலகம் | செவ்வாய், காலை 8.22

ஈகோலை. டிஎச்5 ஆல்ஃபா.


மைக்ரோ_மருத்துவர் | செவ்வாய், காலை 9.00

அதனால்தான் சளி கூடப் பிடிக்கவில்லை. அது கே-12 வழி வந்த, பலவீனமாக்கப்பட்ட ஆய்வக வகை. முதல், அதாவது மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவு. குடலில் ஒட்டிக்கொள்ளக் கூடத் தெரியாது. பெட்ரித்தட்டு கையில் இருப்பது மருத்துவமனை வார்டில் இருந்து வந்த, இன்னும் பெயர் வைக்காத கிருமி. பெயர் தெரியும் வரை அதைக் குறைந்தது இரண்டாம் பிரிவு என்றே நடத்த வேண்டும்.

பலவீனமானது என்று எழுதியிருப்பதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2009-இல் சிகாகோவில் ஒரு பேராசிரியர் பிளேக் கிருமியின் வீரியம் குறைக்கப்பட்ட வகையோடு வேலை செய்து இறந்தார். இரும்பை எடுத்துக்கொள்ள முடியாதபடி ஆக்கப்பட்ட கிருமி அது. அவருக்கோ உடலில் இரும்பு அதிகமாகச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்திருக்கிறது, அது அவருக்கே தெரியாது. கிருமிக்கு இல்லாததை அவர் உடம்பு கொடுத்துவிட்டது.

இப்போது நம் ஊர்க் கதை. மழை முடிந்த வாரங்களில், வயலில் வேலை செய்கிற, சர்க்கரை உள்ள ஆள், விடாத காய்ச்சலோடு வருவார். ஸ்கேனில் மண்ணீரலிலோ கல்லீரலிலோ சீழ்க்கட்டி. சீழைப் பிளேட்டில் போட்டால் ஏதோ ஒன்று வளரும். அனுபவமில்லாத லேபில் "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி மூடிவிடுவார்கள். மெலியாய்டோசிஸ் உண்டாக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியையாக அது இருக்கலாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது, மூச்சு வழியும் போகக்கூடியது. ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிக்ளாவுக்கு மட்டும் அடங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

ஒரு பழக்கத்தை இன்றே விடுங்கள்: பிளேட்டை மூக்குக்கிட்ட கொண்டு போவது. சூடோமோனாஸ் என்றால் திராட்சை வாசம் வரும் என்று எங்களுக்கே சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் முகர்ந்தோம். எங்கள் பேட்சில் ஒருத்தி அப்படி முகர்ந்த பிளேட் பிறகு மெலியாய்டோசிஸ் என்று வந்தது. 21 நாள் கோ-ட்ரைமாக்சசோல் விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த மூன்று வாரமும் தினமும் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.


பெட்ரித்தட்டு | செவ்வாய், மதியம் 1.30

மேடம், நான் நேத்துக் கூட முகர்ந்தேன்.

இன்னிக்கு டிஷ்யூ சோதனையும் பண்ணிட்டேன். படபடன்னு என் பக்கம் அடிக்குது. பக்கத்து டிபார்ட்மென்ட்ல ஒரு நிஜப் பெட்டி இருக்கு, ஸ்டிக்கர் தேதி 2021. அதுக்குள்ள பழைய ஃபைல் அடுக்கி வெச்சிருக்காங்க.


பழைய_ஆட்டோகிளேவ் | செவ்வாய், மாலை 6.10

மகளே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். 34 வருடம் லேப் டெக்னீஷியன், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சி வேலை கற்றுக்கொண்ட தலைமுறை. நாக்கில் உப்பு கரித்ததும் துப்பிவிட்டு அடுத்த டியூபுக்குப் போவோம். பெருமைக்காகச் சொல்லவில்லை.

சட்டம் கேட்டாயே. இரண்டு கதவு இருக்கிறது, எல்லோரும் ஒன்றைத்தான் தட்டுகிறார்கள்.

முதல் கதவு மரபணு மாற்றம் சம்பந்தப்பட்டது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகள். அபாயகரமான நுண்ணுயிர், மரபணு மாற்றிய உயிர் எதையும் கையாளும் நிறுவனம் உள்ளேயே ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். நிறுவனத் தலைவர், அந்த வேலை செய்யும் விஞ்ஞானிகள், ஒரு மருத்துவர், டெல்லி உயிர்த்தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவர். அந்தத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உண்டு. ஆய்வுக்குப் பொறுப்பான விஞ்ஞானிதான் தன் லேபில் வேலை செய்கிறவர்களுக்கு பாதுகாப்பு முறையையும், விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும் என்கிறது. அதாவது உன் கைடு. வீடியோ இல்லை.

இரண்டாவது கதவு குப்பைக் கதவு. உயிரி மருத்துவக் கழிவு விதிகள், 2016. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஆராய்ச்சி, கல்வி நிறுவனங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதில் இருப்பதை உன் ஆபீசில் யாருக்காவது படித்துக் காட்டு. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வேலைக்குச் சேரும்போது ஒரு பயிற்சி, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி. உன் அட்டெண்டர் அக்காதான் அங்கே கழிவைக் கையாளுகிறாள். பட்டியலில் முதல் பெயராக அவள் இருக்க வேண்டும். ரிசர்ச்சர் இல்லையே என்று சொன்னவருக்கு அந்த விதியைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை போல.

புதுச்சேரியில் இதைப் பார்க்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், எங்கள் பக்கம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.


நெல்லித்தோப்பு | செவ்வாய், இரவு 8.45

நான் ஒரு தனியார் லேப்ல டெக்னீஷியன். ஐயா குப்பைன்னு சொன்னதும் ஃபெஞ்சல் ஞாபகம் வந்துச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரையேறுச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ஊரே மிதந்துச்சு. எங்க லேப் தரைத்தளம். ரெண்டு நாள் கழிச்சு முட்டியளவு தண்ணியில நடந்து போய் ஷட்டரைத் தூக்கினா, காரிடார்ல லேப் கழிவு போடற மஞ்சப் பை ரெண்டு மிதந்துகிட்டு வருது. ஒண்ணோட கட்டு அவிழ்ந்திருச்சு. பிளேட்டெல்லாம் வட்ட வட்டமா, தாமரை இலை கணக்கா. கரண்டு இல்ல, ஃப்ரீசர் உருகி அடியில சிவப்பாத் தண்ணி. முழுசா ஆட்டோகிளேவ் பண்ணாத பை அது. 48 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு விதி, வெள்ளிக்கிழமையே அனுப்ப வேண்டியது, வண்டி வரல.

ஓனர் போன்ல, "அள்ளி ஓரமாப் போடும்மா"ன்னாரு. எதைப் போட்டுக்கிட்டு அள்ளறது, தண்ணியில பிளீச்சிங் எவ்வளவு கலக்கறது, யாருக்குச் சொல்றதுன்னு எங்க யாருக்கும் தெரியல. வீட்டுல சாணி அள்ளற முறத்தால அள்ளினோம். நான் அன்னிக்குச் செருப்புதான் போட்டிருந்தேன். கால்ல ஏற்கனவே சேத்துப்புண்ணு.

என் சர்டிபிகேட்டும் அந்தத் தண்ணியில நனைஞ்சு போச்சு. சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாங்க, எட்டாத உயரத்துல மாட்டியிருக்கலாம்.


பழைய_ஆட்டோகிளேவ் | செவ்வாய், இரவு 9.20

நெல்லித்தோப்பு, படிக்கவே நெஞ்சு அடைக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்களுக்கும் இதே கதைதான், ஃப்ரீசர் மட்டும் மாடியில் இருந்ததால் தப்பித்தோம். கடலூர் பக்கம் நாள்கணக்கில் கரண்டு இல்லை. பக்கத்து ஐஸ் கம்பெனியில் கெஞ்சி, மீனுக்கு வைத்திருந்த ஐஸ் பாரை மூட்டையில் கட்டித் தூக்கி வந்தோம்.

1989 விதியிலேயே விபத்து நேர அவசரத் திட்டம் ஒன்று எழுதி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. வங்காள விரிகுடாவை ஒட்டி லேப் வைத்திருக்கிறவன் அதில் புயலை எழுதாமல் வேறு எதை எழுதுவான்? நான் பார்த்த திட்டங்களில் எல்லாம் தீ இருந்தது, பூகம்பம் கூட இருந்தது.


பரங்கிப்பேட்டை_நண்டு | புதன், காலை 10.10

சோகமாப் போகுது, நான் ஒரு கதை சொல்றேன். எம்எஸ்சி ப்ராஜெக்ட். இறால்ல இருக்கற விப்ரியோங்கற பாக்டீரியா. பரங்கிப்பேட்டையில சாம்பிள் எடுத்து, தெர்மோகோல் பெட்டியில ஐஸ் போட்டு, பஸ்ல புதுச்சேரி லேபுக்குக் கொண்டு வருவேன். கடலூர்ல பஸ் மாறணும். கண்டக்டர் "மீன் பெட்டியா? லக்கேஜ் டிக்கெட் எடு"ம்பாரு. சாம்பிள்னு சொன்னா இறக்கி விட்டுருவாரோன்னு மீன்தான்னு சொல்லிருவேன். ஒரு நாள் பக்கத்துல உக்காந்த பாட்டி பெட்டி மேல கை வெச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க. மூடி ஓரத்துல இருந்து ஐஸ் தண்ணி ஒழுகி அவங்க புடவை நனைஞ்சிருச்சு.

இறால்தானே, கடல்தண்ணிதானேன்னு இருந்தேன். தப்பா?


மைக்ரோ_மருத்துவர் | புதன், மதியம் 12.40

நண்டு, சந்தையில் வாங்கும் இறாலில் இருக்கும் அளவுதான் பெட்டியிலும் என்றால் பாட்டிக்குப் பெரிய ஆபத்து இல்லை. லேபில் வளர்த்த கல்ச்சரை அப்படிக் கொண்டு போனீர்களா என்பதுதான் கேள்வி. அதற்கும் நோயாளி சாம்பிளுக்கும் மூன்று அடுக்கு கட்டாயம்: ஒழுகாத டியூப், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோ டிஷ்யூவோ வைத்து ஒழுகாத இரண்டாவது டப்பா, அதற்கு வெளியே உறுதியான பெட்டி. ஐஸ் இரண்டாவது டப்பாவுக்கு வெளியே. உள்ளே உடைந்தால் முழுத் திரவத்தையும் அந்தப் பஞ்சு குடிக்க வேண்டும், அதுதான் கணக்கு. பஸ் வேண்டாம், பதிவு செய்த கூரியரோ நிறுவன வண்டியோ.


பரங்கிப்பேட்டை_நண்டு | புதன், மதியம் 12.55

ரெண்டு தடவை கல்ச்சரும் கொண்டு போயிருக்கேன் மேடம். பார்ஃபிலிம்ங்கற மெழுகுத்தாள் சுத்தித்தான்.


தீசிஸ்_திலகம் | புதன், இரவு 10.30

நேத்து கொஞ்சம் கடுப்புல எழுதிட்டேன். ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நாலாவது வருஷம் டிஎன்ஏ பிரிக்கற கிட்ல மிச்சமிருந்த பஃபர் கரைசலைக் கொட்ற பீக்கர்ல பிளீச் ஊத்தினேன், கிருமி சாகட்டுமேன்னு. குப்புனு ஒரு நெடி. கண்ணு எரிஞ்சு, ஒரு மணி நேரம் வெராண்டாவுல உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லல, கைடு திட்டுவாருன்னு. இன்னிக்கு வரைக்கும் அது என்னன்னு தெரியாது.


பாஸ்டன்_கடலூரான் | புதன், இரவு 11.00

அந்த பஃபர்ல குவானிடின் உப்பு இருக்கும் அண்ணா. பிளீச் பட்டா விஷ வாயு கிளம்பும். கிட் கையேட்டுலயே எச்சரிக்கை இருக்கும், பொடி எழுத்துல. பிளீச் ஊத்தினதை ஆட்டோகிளேவ்ல வெக்கறதும் அதே மாதிரி வினைதான்.

நீங்க சொல்லாம விட்டீங்க பாருங்க, அதைத்தான் இங்க மொதல்ல உடைச்சாங்க. எங்க லேப்ல விபத்து நடந்தா படிவத்துல "யார் செஞ்சது"ங்கற கட்டமே கிடையாது. என்ன நடந்துச்சு, என்ன மாத்தணும்னுதான் கேக்கும். ஊசி குத்தினாலும் அப்படித்தான்: அழுத்திப் பிழியாம சோப்பு போட்டுக் கழுவு, உடனே சொல்லு. எச்ஐவி தடுப்பு மருந்துன்னா மணிக்கணக்குதான், 72 மணி தாண்டினா பலனில்ல. திட்டுக்குப் பயந்து மூணு நாள் மறைச்சா கதை முடிஞ்சுது.


பெட்ரித்தட்டு | வியாழன், மாலை 5.15

ஐயா சொன்ன 2016 விதியை பிரிண்ட் எடுத்து, மார்க்கர்ல கோடு போட்டு கைடு மேசையில வெச்சேன். திட்டுவாருன்னு நெனச்சேன். அஞ்சு நிமிஷம் படிச்சுட்டு, "அட்டெண்டருக்கு ஹெபடைடிஸ் ஊசி போட்டாச்சா?"ன்னு என்னையே கேக்கறாரு. எனக்கே போடல சார்னேன். அவருக்கும் போடலையாம். மூணு பேருக்கும் முதல் டோஸ் இந்த வாரம், 1 மாசம், 6 மாசம் கழிச்சு மத்தது.

லேமினார்ல சீழ் சாம்பிள் இனிமே கிடையாது. ஃபைலை எல்லாம் எடுத்துட்டு அந்தப் பெட்டிக்குச் சான்று வாங்க ஆள் வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் என் வேலை நிறுத்தம். டாக்டரல் கமிட்டி அடுத்த மாசம், அங்க என்ன சொல்றதுன்னு தெரியல.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. பையில ஒட்டற ஆட்டோகிளேவ் டேப் கறுத்தா கிருமி செத்துச்சுன்னு அர்த்தமா? அக்கா அதை வெச்சுத்தான் பாக்கறாங்க.


பழைய_ஆட்டோகிளேவ் | வியாழன், இரவு 7.00

சூடு பட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். பையின் நடுவில் கிருமி செத்ததா என்பது டேப்புக்குத் தெரியாது.

ஸ்போர் ஆம்பியூல் வாங்கு. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்று ஒரு முரட்டு ஜீவன், வித்தாக இருக்கும்போது கொதிநீரெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே ஊதா நிறத் திரவம். கழிவுப் பையின் நட்டநடுவே புதைத்து, வழக்கம்போல் ஓட்டு. வெளியே எடுத்து, இன்னொரு புதுக் குப்பியோடு சேர்த்து 55 முதல் 60 டிகிரியில் இரண்டு நாள் வை. மஞ்சளானால் ஜீவன் பிழைத்திருக்கிறது. ஊதாவாகவே இருந்தால் செத்தது. புதுக் குப்பி கட்டாயம் மஞ்சளாக வேண்டும், இல்லையென்றால் குப்பியே சரியில்லை. விதிப்படி இதை வாரம் ஒரு முறை செய்ய வேண்டும்.

எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள்? மீடியாவுக்கு 121 டிகிரியில் 15 நிமிடம் போதும். கழிவுக்கு, சாதாரண ஆட்டோகிளேவில், அதே 121 டிகிரி 15 பவுண்டு அழுத்தத்தில் 60 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.


பெட்ரித்தட்டு | வியாழன், இரவு 7.10

20 நிமிஷம் ஐயா. எல்லாத்துக்கும் 20.


பெட்ரித்தட்டு | அடுத்த புதன், மதியம் 2.20

குப்பி வந்துச்சு, வெள்ளிக்கிழமை போட்டோம். வழக்கமான 20 நிமிஷம் ஒரு பை, 60 நிமிஷம் ஒரு பை. டேப் ரெண்டுலயும் கரிக்கட்டையாட்டம் கறுப்பு.

20 நிமிஷக் குப்பி மஞ்சள். அதை எதிர்பாத்தோம். 60 நிமிஷக் குப்பியும் மஞ்சள்.

கைடு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. 11 வருஷமா இந்த மெஷின்ல ஓடின பையெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் வாய் திறக்கல.


பழைய_ஆட்டோகிளேவ் | அடுத்த புதன், மதியம் 2.50

பயப்படாதே. பையின் வாயை இறுக்கக் கட்டுகிறீர்களா? மேலே உள்ள வால்வை எப்போது மூடுகிறீர்கள்? உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்த முள் 15 காட்டும், சூடு 121 தொடாது. அக்காவைக் கேள்.


பெட்ரித்தட்டு | அடுத்த சனி, இரவு 9.05

கேட்டேன். பையை ரெண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டறாங்க, ஒழுகக் கூடாதுன்னு சீனியர் சொன்னதாம். மேல் மூடி போட்ட உடனே வால்வை மூடிருவாங்க, அதுவும் யாரோ ஒரு சீனியர் 11 வருஷம் முன்னாடி காமிச்சது.

உள்ள காத்து மாட்டிக்குது அக்கான்னு நான் படம் போட்டு விளக்க ஆரம்பிச்சேன். பாதியிலேயே நிறுத்திட்டாங்க. "குக்கர்ல ஆவி சீறிக்கிட்டு வந்தப்புறம்தானே பாப்பா வெயிட்டு போடுவோம்? இதுவும் குக்கருதானே. எனக்கு மொதல் நாளே தோணுச்சு, படிச்சவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

வியாழக்கிழமை அக்காவே ஓட்டினாங்க. பை வாயைத் தளர்த்தி, உள்ள ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, முக்கால் பையோட நிறுத்தி. ஆவி நேர்க்கோடா அஞ்சாறு நிமிஷம் சீறினப்புறம் வால்வை மூடி, 60 நிமிஷம். இன்னிக்கு சாயங்காலம் பாத்தேன். புதுக் குப்பி மஞ்சள், பைக்குள்ள இருந்தது ஊதா. அக்கா அதை வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, கத்திரிக்கா கலர்ன்னாங்க.

அடுத்த மாசம் நேர்ல ட்ரெய்னிங். ஆட்டோகிளேவ் பகுதியை அக்கா நடத்தணும்னு கைடு சொல்லிட்டாரு. ஆபீஸ்ல குடுத்த பதிவுப் படிவத்துல "ஆய்வுத் தலைப்பு"ன்னு ஒரு கட்டம் கட்டாயமா நிரப்பணுமாம். அக்கா பேருக்கு நேரா அங்க என்ன எழுதறது?


தீசிஸ்_திலகம் | அடுத்த சனி, இரவு 9.12

"வெயிட்டு எப்போ போடணும்"